லக்கேஜ் டிக்கெட் போட்ட அரிவாள்

அண்ணா,

இன்று காலை வண்டிக்குள் கிடந்த பழைய சாக்கு ஒன்றை எடுத்து உதறினேன். நனைந்த சணலும் ரம்பத்துக்குத் தடவுகிற தேங்காய் எண்ணெயும் கலந்த வாசம். நீங்கள் கண்டக்டராக இருந்த பஸ்ஸின் முன்படிக்கட்டு நினைவுக்கு வந்துவிட்டது. போன ஐப்பசியில் நீங்கள் எங்களையெல்லாம் விட்டுப் போய்விட்டீர்கள். சொல்ல வேண்டியதை இப்போதுதான் எழுதுகிறேன்.

அப்போது நான் தனியாளாக மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். வீட்டின் மேல் சாய்ந்த தென்னை, கரண்ட் கம்பியில் உரசும் கிளை என்று வேலையெல்லாம் கோயமுத்தூருக்குள். வீடு கிணத்துக்கடவில். கோடாலி, அரிவாள், ரம்பம், வடக்கயிறு எல்லாவற்றையும் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு நிற்பேன். என்னைப் பார்த்தால் பாதி பஸ் நிற்காது. நீங்கள் நிறுத்தினீர்கள்.

"ஏனுங்க, சாக்குல என்னங்க?"

"மரம் வெட்டற சாமானுங்கண்ணா."

"அருவாளுமுங்களா?"

"ஆமாங்க."

கொஞ்சம் யோசித்தீர்கள். "பல்லு வெளிய தெரியாம கட்டிப்போட்டு, டிரைவர் சீட்டுக்குப் பின்னால படுக்க வெச்சுருங்க." பிறகு அதற்கென்று ஒரு லக்கேஜ் டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்தீர்கள். அன்றிலிருந்து உங்கள் பஸ்ஸுக்காகவே காத்திருந்து ஏறினேன்.

கலவரத்தில் ஊர் கெட்டுக்கிடந்த அந்த வருஷம் எங்கே பார்த்தாலும் போலீஸ் சோதனை. அரிவாளோடு யார் வெளியே போவார்கள்? வேலையில்லாமல் வீட்டிலேயே கிடந்தேன். போத்தனூரில் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் டீச்சரம்மா ஆள் அனுப்பினார்: தென்னை ஓட்டின் மேல் சாய்ந்துவிட்டது, காற்றடித்தால் விழுந்துவிடும். போக வேண்டாம் என்றாள் என் மனைவி. நான் கேட்கவில்லை.

"இன்னைக்கே போகோணுங்களா?" என்று நீங்களும் கேட்டீர்கள். விஷயத்தைச் சொன்னேன். "செரி, ஏறுங்க."

ஊருக்குள் நுழையும் இடத்தில் பஸ்ஸை மறித்தார்கள். ஒரு போலீஸ்காரர் சாக்கைப் பிடித்து இழுத்ததும் அரிவாள் நழுவி விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னை விட்டு நகர்ந்தார்.

"யாருது இது?"

நான் எழுந்து நின்றேன். நீங்கள் முன்னால் வந்தீர்கள். "டிக்கெட் போட்டு ஏத்துனது நானுங்க சார். மரம் வெட்டறவரு. தெரிஞ்ச ஆளுங்க."

"அப்ப நீயும் எறங்கு."

பணப்பையை டிரைவரிடம் கொடுத்துவிட்டு என்னோடு இறங்கினீர்கள்.

ஸ்டேஷனில் என்னைத் தரையில் உட்கார வைத்தார்கள். அடிக்கவில்லை, ஆனால் நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவும் இல்லை. உங்களைச் சீக்கிரமே போகச் சொல்லிவிட்டார்கள். திரும்பிப் பார்க்காமல் போனீர்கள். பஸ்ஸைப் பிடிக்கத்தான் போகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் மேல் வருத்தம்கூட வரவில்லை. மனைவி சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்பது மட்டும்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

வெயில் தாழ்ந்தபோது வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. நீங்களும் டீச்சரம்மாவும் இறங்கினீர்கள். சர்ச்சுக்குப் பின்னால் என்று நான் சொன்னதை வைத்துக்கொண்டு வீடு வீடாக விசாரித்திருக்கிறீர்கள்.

"நாந்தான் வரச் சொன்னேன்," என்றார் டீச்சரம்மா இன்ஸ்பெக்டரிடம். "மரம் எங்க ஊட்டு மேல சாஞ்சு நிக்குது. வேணும்னா வந்து பாருங்க."

இன்ஸ்பெக்டர் என்னைப் போகச் சொன்னார். நான் வாசலைத் தாண்டிவிட்டேன். நீங்கள் நகரவில்லை.

"சாமானுங்க சார்?"

"அதான் ஆளை உட்டாச்சில்ல?"

"சாமானில்லாம நாளைக்கு இவரு என்ன பண்ணுவாருங்க?"

"வாங்கண்ணா, போயிரலாம்," என்று உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அசையவே இல்லை. கடைசியில் சாக்கு வெளியே வந்தது. அரிவாளும் அதிலேயே இருந்தது.

பஸ்ஸை நடுவழியில் விட்டதற்காக முதலாளி உங்களை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த வேலை கிடைக்கும்வரை என்னோடுதான் வந்தீர்கள். உயரம் என்றாலே உங்களுக்கு ஆகாது. கீழே நின்று கயிறு பிடித்தீர்கள். டீச்சரம்மா வீட்டுத் தென்னையைத் துண்டு துண்டாக இறக்கியபோது ஒவ்வொரு துண்டுக்கும் விசில் ஊதி, "ரைட், ரைட்!" என்று கத்தினீர்கள். தெருவே சிரித்தது. நானும் மரத்து உச்சியைக் கட்டிப்பிடித்தபடி சிரித்தேன்.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று ஒருநாள் டீக்கடையில் கேட்டேன். "டிக்கெட் வாங்குன ஆளை நடுவழியில உட்டுப்போட்டுப் போறதுங்களா, தம்பி?" என்றீர்கள். வேறு பேச்சுக்குப் போய்விட்டீர்கள்.

இப்போது எனக்குச் சொந்த வண்டி இருக்கிறது. வேலைக்கு வடக்கே இருந்து வந்தவர்கள். தமிழ் சரியாக வராது. போன மாதம் பொள்ளாச்சி ரோட்டில் போலீஸ்காரர்கள் வண்டியை மறித்து அவர்களை மட்டும் இறங்கச் சொன்னார்கள். நான் இறங்கி முன்னால் போய் நின்றேன். "எங்கூட வேலை செய்யறவங்க. எதுன்னாலும் என்னையக் கேளுங்க சார்." எல்லோரும் திரும்ப ஏறும்வரை அங்கேயே நின்றேன். கால் இரண்டும் நடுங்கிக்கொண்டே இருந்தன.

அன்றைக்கு உங்களுக்கும் அப்படி நடுங்கியதா, அண்ணா? இத்தனை வருஷத்தில் அதைக் கேட்கத் தோன்றவே இல்லை எனக்கு.