உன் அம்மா இறக்கும் நாள்

அன்பு மகன் தண்டிக்கு அப்பா எழுதுவது. சென்ற செவ்வாய்க்கிழமை பெரியவர்களைக் கூட்டி உன் அம்மா இறக்கும் நாளைக் குறித்துவிட்டோம், ஆகஸ்ட் பதினான்கு. நானும் உன் அக்கா தம்முவும் நலம், அம்மாவுக்கு உடம்பு அப்படியேதான் இருக்கிறது, நீயும் அந்தக் குளிர்தேசத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

மூச்சு நின்று மூன்று வருஷம் ஆகிறதே என்பாய். நம் குல வழக்கப்படி அடக்கச் சடங்கில் முதல் எருமை வெட்டுப்பட்டு விழும்வரை நம் வீட்டில் அவள் நோயாளிதான், உடம்பு கெடாமலிருக்க மருந்து ஏற்றியிருக்கிறோம், தெற்கு அறையில் கிழக்குமேற்காகப் படுத்திருக்கிறாள், காலையில் காப்பியும் மதியம் சோறும் வைக்கிறோம், சந்தைக்குப் போனால் சொல்லிவிட்டுப் போகிறோம், இதை உனக்கே எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்கு எரிச்சல். உன் கடிதத்தை அக்கா உரக்கப் படித்தாள். காலம் என்று ஒன்று கிடையாதாம், நேற்றும் நாளையும் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றனவாம், அதில் எங்கோ அம்மா இப்போதும் நெல் புடைத்துக்கொண்டிருக்கிறாளாம், ஆகவே அடக்கத்தை இன்னும் ஒரு வருஷம் தள்ளினால் என்ன குறை என்று கேட்டிருந்தாய். காலமே இல்லை என்கிறவனுக்கு ஒரு வருஷம் எதற்கு? வாய்தா வாங்கவா இவன் அவ்வளவு தூரம் போய்ப் படிச்சான் என்று தம்மு கேட்டாள்.

கடைசி வரியில்தான் விஷயம் இருந்தது, லீவு கிடைக்கவில்லை. கிடைக்காது. அவளுக்கு மூச்சு நின்ற வாரமே அம்மா இறந்துவிட்டாள் என்று எழுதிக் கொடுத்துப் பத்து நாள் லீவு வாங்கினாய், ஊரில்தான் சடங்கு இன்னும் இல்லையே என்று பனிமலை பார்க்கப் போனாய், சிரித்துக்கொண்டு நிற்கிற படம்கூட அனுப்பினாய். இப்போது உன் வேலையிடத்தில் ஒருத்திக்கு ஒரு சாவுதான் என்கிறார்கள், அதில் தப்பில்லை. இந்த உலகத்தில் உன் அம்மா இதுவரை செத்திருக்கிற ஒரே இடம் உன் விண்ணப்பம், கையெழுத்து உன்னுடையது.

நான் எருமைச் சந்தையில் அடுத்தவன் மாட்டுக்குக் கயிறு பிடித்து மேலே வந்தவன், எனக்குக் காலம் தெரிந்ததெல்லாம் கொம்பில். அவள் படுத்த மாதம் அவள் சடங்கில் உன் பெயரில் வெட்ட ஒரு எருமைக் கன்று வாங்கிக் கட்டினேன், நீ உழைத்து அதன் விலையைத் தருவதாகச் சொன்னாய். அப்போது கொம்பு விரல் நீளம், இப்போது என் முழங்கையைத் தாண்டிவிட்டது, ஒரு பைசா வரவில்லை. தம்மு தன் காப்பித் தோட்டத்து விளைச்சலை விற்று அதை வாங்கிக்கொண்டாள், மகள் என்று நான் விலை குறைக்கவில்லை. இன்னொன்று, அம்மாவுக்கு வைக்கிற காப்பியை ஆறிய பிறகு தினமும் நான்தான் குடிக்கிறேன். காலம் இல்லையென்றால் அதை ஆறவைப்பது எது என்று உன் ஆராய்ச்சிக்கூடத்தில் விசாரித்துச் சொல்.

பதினான்காம் தேதி காலையில் அவளை, இறந்தவர்களைக் கிடத்துகிற மாதிரி, வடக்குத்தெற்காகத் திருப்பிவிடுவோம். அதற்குப் பிறகு அவளிடம் யாரும் பேசமாட்டோம், சாப்பிடக் கூப்பிடவும் மாட்டோம். வேலையை விட்டுவிட்டாவது அதற்கு முன் வந்து நின்றால் இரண்டு வார்த்தை பேசிக்கொள்ளலாம், உனக்காக ஒரு மணி நேரமும் தள்ளமாட்டேன். குளிரில் தலை மூடாமல் திரியாதே, சளி பிடிக்கும். கடவுள் உனக்கு நீண்ட ஆயுள் கொடுக்கட்டும், காலம் இல்லாவிட்டாலும் அது கொஞ்சம் தேவைப்படும்.

பெரியவர்கள் முன்னால் முடிவானதை மறந்துவிடாதே. யார் எத்தனை எருமை கொடுக்கிறார்களோ அதன்படிதான் நிலம். தம்மு ஒன்பது எருமை, ஆற்றோர வயல் மூன்றும் அவளுக்கு. நீ வந்தாலும் வராவிட்டாலும் உன் பெயரைச் சொல்லி ஒரு பன்றி நான் வெட்டுகிறேன், அதற்கு உண்டான பங்கு, வரப்பில் நிற்கிற மூங்கில் புதர், உனக்கு.

இப்படிக்கு,
உன் அப்பா சம்பே