பன்னிரண்டு நிமிடத்தில் நிற்கும் வண்டி

மார்ச் 4

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் மருமகனைப் பெற்றவள் எழுதுகிறேன். போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்பதால் கடிதம். நீங்கள் ஆபீசில் முப்பது வருஷம் டைப் அடித்தவர். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மூத்த மகளின் பையன் கப்பலில் இரண்டாவது சமையல்காரன் ஆகிவிட்டான். முட்டை உடைக்கத் தெரியாமல் போன பிள்ளை! அவன் தங்கை நீச்சல் போட்டியில் இரண்டாவதாக வந்தாள். முதலில் வந்தவளுக்குக் கை நீளம், வேறொன்றுமில்லை. சின்ன மகனின் குழந்தைக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது, இரண்டும் நேர்.

இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள் நம் இருவருக்கும் பொதுவான பேத்தி. பரிசோதனைக்கூடப் படிப்பை முடித்த கையோடு வேலையும் கிடைத்துவிட்டது. வீடு வீடாகப் போய் நோயாளிகளிடம் ரத்தம் எடுத்து, குளிர்ப்பெட்டியில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஏப்ரல் ஒன்றாம் தேதி சொந்த வண்டியோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். வண்டி நடுவழியில் நின்றால் அந்த வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

இனி என் மனத்தாங்கல். உங்கள் வீட்டுக்காரர் ஓட்டிய மோட்டார் சைக்கிளை அவளுக்குக் கொடுத்தீர்கள். சந்தோஷம். ஆனால் இது வண்டியா, வம்பா? எட்டு வருஷம் அசையாமல் நின்றதை, ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாத பெண் தானே கழற்றினாள். டேங்கைக் கழுவினாள். பிளக்கை மாற்றினாள். கார்புரேட்டரை மூன்று முறை பிரித்தாள். முதல் முறை எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது ஒரு போல்ட் மிச்சம் இருந்தது. "இது உங்க போல்ட்டா பாட்டி?" என்று என்னையே கேட்கிறாள்!

கடைசியில் ஸ்டார்ட் ஆயிற்று. நான் கை தட்டினேன். பன்னிரண்டு நிமிடம் நன்றாக ஓடும், பிறகு பொசுக்கென்று நின்றுவிடும். பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பாள். இருக்கும். மூடிவிட்டு உதைத்தால் மறுபடி பன்னிரண்டு நிமிடம். தெருமுனை மெக்கானிக் பார்த்துவிட்டு, "இத இரும்புக் கடைல போட்டுட்டு வேற வாங்குமா" என்றான். உங்கள் மருமகனும் அதையே சொல்கிறான். அவள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறாள்.

தெரிந்தேதான் கொடுத்தீர்களா?

இப்படிக்கு,
உங்கள் மருமகனைப் பெற்றவள்

*

மார்ச் 11

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. இளையவர்களின் வெற்றிகளுக்கு வாழ்த்துகள்.

என் கணவர் அந்த வண்டியை இருபத்தோரு வருஷம் ஓட்டினார். ஒருநாளும் நடுவழியில் நின்றதில்லை. அவர் போன பிறகு, மழையில் நனையக் கூடாது என்று வீட்டுக்குள்ளேயே, என் கட்டிலுக்கு எதிரே வைத்திருந்தேன். தினமும் துடைத்தேன். எட்டு வருஷத்தில் ஒரு சொட்டு ஒழுகியதில்லை, பெட்ரோல் வாசனைகூட வந்ததில்லை. அப்படிப் பாதுகாத்த பொருள் உங்கள் வீட்டுக்கு வந்ததும் கெட்டுப்போனால் நான் என்ன சொல்ல?

இரும்புக் கடைக்குத்தான் போகும் என்றால் எனக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். வண்டிக் கூலியை நானே கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளைப் பெற்றவள்

*

மார்ச் 19

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

ஓடுகிறது! ஓடுகிறது! ஓடுகிறது!

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள். உங்கள் கடிதம் வந்தபோது என் கண்ணாடி கிடைக்கவில்லை. பேத்திதான் கையில் கிரீசோடு வாசித்துக் காட்டினாள். நீங்கள் என்னைக் குத்திய இடத்தையெல்லாம் குரலை ஏற்றி இறக்கி வாசித்தாள், வால் முளைத்தவள். "பெட்ரோல் வாசனைகூட வந்ததில்லை" என்ற இடத்தில் நின்றுவிட்டாள்.

"பாட்டி, எட்டு வருஷம் பெட்ரோல் வண்டி ரூமுக்குள்ள நின்னிருக்கு. வாசனையே வரலையா? எப்படி?"

"அவங்க மூக்குக்கும் வயசாகியிருக்கும்டி" என்றேன். மன்னியுங்கள், அப்போது கோபத்தில் இருந்தேன்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. வண்டி எப்போது நிற்கிறது, எப்படிக் கிளம்புகிறது என்று சமையலறைச் சுவரில் சாக்பீசால் எழுதிவைத்திருக்கிறாள் (நான் திட்டிக்கொண்டே இருந்தேன், இனி அழிக்க விடமாட்டேன்). அதைப் போய்ப் பார்த்தாள். "மூடியத் திறந்தப்ப எல்லாம் கிளம்பியிருக்கு. திறக்காம உதைச்சப்ப ஒருதடவகூட கிளம்பல. திறக்கறப்ப உஸ்ஸுனு ஒரு சத்தமும் வரும் பாட்டி!"

ஓடினாள். நானும் முட்டி வலியோடு பின்னாலேயே போனேன். பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டுமாம். அதற்காக மூடியில் ஊசிக் கண் போல ஒரு துளை உண்டு. காற்று வராவிட்டால் பெட்ரோல் அடம்பிடித்து மேலேயே நின்றுவிடும். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் வராது, எனக்கே தெரியும். ஆனால் மோட்டார் சைக்கிளும் அதே புத்திதான் என்று யாருக்குத் தெரியும்?

மூடியைக் கழற்றிப் பார்த்தால், துளை முழுக்க ரோஸ் நிறத்தில் ஏதோ கல் மாதிரி இறுகியிருந்தது. என் தோளில் குத்தியிருந்த பின்னை, கேட்காமலேயே உருவி அதைக் குத்தி எடுத்தாள். முகர்ந்தாள். "பாட்டி, இது சோப்பு!"

நான் முகர்ந்தேன். உங்கள் வீட்டுக் குளியலறையில் இருக்கும் அதே சோப்பு. அது எப்படி அங்கே போனது என்று நான் கேட்கப்போவதில்லை. ஐந்தாம் வகுப்புப் படித்தவளுக்கும் அவ்வளவு மரியாதை உண்டு.

மூடியை மாட்டி, வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனாள். பன்னிரண்டு நிமிடம் ஆனது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதின்மூன்று. இருபது. நாற்பது நிமிடம் கழித்து ஊரைச் சுற்றிவிட்டு, ஹாரன் அடித்துக்கொண்டே தெருவுக்குள் வந்தாள். மெக்கானிக் கடை முன்னால் மட்டும் மூன்று முறை சுற்றினாள்.

வண்டியைத் திருப்பி அனுப்ப மாட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகனைப் பெற்றவள்

*

மார்ச் 19

சம்பந்தியம்மாவுக்கு,

இந்தக் கடிதம் தாமதமின்றி உங்களைச் சேர வேண்டும். கோபத்தை ஒதுக்கிவிட்டு உங்கள் கடிதத்தை இன்று மறுபடி படித்தேன். "மூடியைத் திறந்து பார்ப்பாள்" என்ற வரியில் எனக்கு வியர்த்துவிட்டது. குடையை எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்குக்கு நடந்து போய் அங்கிருந்த பெண்ணிடம் விசாரித்தேன். என் சந்தேகம் சரிதான்.

அவர் போன பிறகு வண்டியை விற்க எனக்கு மனம் வரவில்லை. பெட்ரோல் வாசனையிலோ தலை சுற்றியது. வெளியே வைத்தால் யாராவது தொடுவார்கள். அதனால் மூடியில் இருந்த சின்னத் துளையில் குளியல் சோப்பைத் திணித்தேன். அதன்பிறகு வாசனை நின்றது. செய்ததையே மறந்துவிட்டேன்.

குழந்தையிடம் சொல்லுங்கள், துளையைச் சுத்தம் செய்யட்டும். ஒன்றாம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. தவறு உங்கள் வீட்டில் அல்ல, என்னிடம்தான். இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பது உங்களுக்குப் புரியும்.

அவளுக்கு வேலை போய்விட்டால் என் முகத்தைக் காட்ட மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளைப் பெற்றவள்

*

ஏப்ரல் 3

என் அன்புச் சம்பந்தியம்மாவுக்கு,

நம் கடிதங்கள் இரண்டும் வழியில் எங்கோ ஒன்றையொன்று பார்த்துச் சிரித்திருக்கும். நீங்கள் எழுதும் முன்பே உங்கள் பேத்தி கண்டுபிடித்துவிட்டாள். ஆனாலும் உங்கள் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, நானே.

வேலையில் சேர்ந்துவிட்டாள்! முதல் நாள் பதினோரு வீடு. அத்தனை ரத்தமும் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது. உடன் சேர்ந்த ஒருவனின் புது வண்டி பாதி வழியில் படுத்துவிட்டதாம். இவள் இறங்கி, பிளக் வயர் கழன்றிருந்ததை மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். நேற்று தெருமுனை மெக்கானிக் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். "ஓடி ஓடி நிக்குற வண்டி ஒண்ணு வந்திருக்கு, பாப்பா கொஞ்சம் பாக்குமா?" என்றான். "பாப்பா டியூட்டில இருக்கு, மூடிய மட்டும் திறந்து பாரு" என்று நானே சொல்லி அனுப்பினேன்.

சோப்புக்கு மன்னிப்பு வேண்டாம். அது இல்லாதிருந்தால் மெக்கானிக்கிடம் கொடுத்து ஒரே நாளில் சரிசெய்து வாங்கியிருப்பாள், ஒரு போல்ட்டின் பெயர்கூடத் தெரிந்திருக்காது. இப்போது கண்ணை மூடிக்கொண்டு கார்புரேட்டரைப் பிரிக்கிறாள். நீங்கள் எட்டு வருஷம் தினமும் துடைத்ததால்தான் அந்த டேங்கில் துரு ஏறவில்லை என்று அவளே சொன்னாள். முகத்தைக் காட்டமாட்டேன் என்று எழுதியதை அடித்துவிடுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவள் அந்த வண்டியிலேயே உங்கள் வீட்டுக்கு வருகிறாள். உங்களுக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கிவிட்டாள். மாட்டேன் என்று சொல்லாமல் பின்னால் ஏறி உட்காருங்கள். அவர் ஓட்டும்போது எங்கே பிடித்துக்கொள்வீர்களோ அங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் நீங்கள் இருக்கும் படம் ஒன்றே ஒன்று, நம் பிள்ளைகளின் கல்யாணப் படம். அதில் நீங்கள் ஒரு பக்கம் பார்க்கிறீர்கள், நான் இன்னொரு பக்கம் பார்க்கிறேன். அதைக் கழற்றி எடுத்து, ஆணியைக் காலியாக வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி மேல் உட்கார்ந்து ஒரு புதுப் படம் எடுத்து எனக்குத் தபாலில் அனுப்புங்கள். கேமராவை நேராகப் பார்த்துச் சிரியுங்கள், இந்தப் பக்கம் நான்தான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
பேத்தியின் இன்னொரு பாட்டி