அண்ணி பார்த்து எடுத்த நாய்

நேற்று மஞ்சக்குப்பத்தில் என் ஸ்கூட்டி பஞ்சராகி நின்றுவிட்டது, அண்ணி. மரத்தடியில் பஞ்சர் ஒட்டுகிறவர் டியூபை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனைத் தடவி, வாயால் ஊதிக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு உங்கள் சிதம்பரத்து வீடு நினைவுக்கு வந்துவிட்டது. புளித்த மாவு, நாய், பஞ்சர் சொல்யூஷன், இந்த மூன்று வாசனையும் சேர்ந்தால்தான் அது உங்கள் வீடு. வந்த புதிதில் அந்த நாய், ரோசி, உங்கள் சக்கர நாற்காலியின் டயரை விடாமல் கடித்து வைக்கும். வாரம் தவறாமல் ஒட்டுப் போட வேண்டும். நான் அதைத் திட்டினால் நீங்கள் சிரிப்பீர்கள். "அதுக்குப் பல்லு நமநமங்குது, எனக்குக் காத்து போவுது. ரெண்டு பேரும் அனுசரிச்சிப் போறோம், நீ ஏன் நடுவுல வர்ற?" என்பீர்கள். பஞ்சர்காரர் முன்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் என்ன நினைத்தாரோ.

உங்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது மலைப்புதான், துக்கம் அப்புறம்தான். மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போய் விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனவர் நீங்கள். கூடவே இருந்து பார்த்துக்கொண்ட எங்கள் அண்ணனும் இரண்டாயிரத்து ஐந்தில் திடீரென்று போய்விட்டார். சொந்தக்காரர்கள் எல்லாரும் உச்சுக்கொட்டிக்கொண்டு இருந்தோம். நீங்கள் ஆள் வைத்து கிரைண்டரை மடி உயரத்துக்கு இறக்கி, இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்துவிட்டீர்கள். காலையிலும் சாயங்காலமும் பாத்திரத்தோடு ஜனம் வரும். அவர்களுக்காக கேட் எப்போதும் திறந்தே கிடக்கும்.

அந்தத் திறந்த கேட்டைப் பார்த்து வைத்துக்கொண்டுதான் ஒருத்தன் வந்தான். பட்டப்பகல். உங்கள் சக்கர நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்து, சுவரைப் பார்க்கத் திருப்பி நிறுத்தி, பிரேக்கையும் போட்டிருக்கிறான். திரும்பினால் தொலைத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு, நிதானமாக கேஸ் சிலிண்டரைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். நாங்கள் கடலூரிலிருந்து அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தோம். நீங்கள் அழவில்லை. ஆனால் உங்கள் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததே இல்லை. "சிலிண்டர் போனா போவுதும்மா. என் வண்டியில கை வச்சிட்டான்" என்றீர்கள்.

எங்கள் வீட்டுக்காரர் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். வீட்டை விற்றுவிட்டு நீங்கள் எங்களோடு வந்துவிட வேண்டும். கெட்ட எண்ணம் இல்லை, பாவம், அவருக்கு உங்கள் மேல் நிஜமான அக்கறை. ஆனால் நல்லது செய்கிறவர்களுக்கே உரிய அவசரம் அவருக்கு ஜாஸ்தி. பேசிக்கொண்டே உங்கள் வண்டியைப் பிடித்து அவர் பாட்டுக்கு ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போனார். உங்களைக் கேட்கவில்லை. எப்போதுமே கேட்க மாட்டார், நாங்கள் யாருமே கேட்டதில்லை. ஜன்னலோரம் போய் நின்றதும் நீங்கள் பிரேக்கைப் போட்டுக்கொண்டு சொன்னீர்கள்:

"உங்க வீட்டுல எனக்கு ஒரு ரூம் இருக்கும் தம்பி. இங்க எனக்கு ஒரு வாசல் இருக்குது. பொங்கல் வரைக்கும் டைம் குடுங்க. நல்ல காவல் நாயா ஒண்ணு பாத்து எடுக்கறேன். சரிப்படலன்னா நீங்க சொல்றபடி வித்துடலாம்."

அவரும் சரி என்றார். ஆக, அந்த வீடு நிலைப்பதும் போவதும் ஒரு நாயின் கையில் என்று ஆனது. எனக்கோ நாய் என்றால் உயிர் போகும். அவரோடு என்னையும் கூட அழைத்துக்கொண்டு கிளம்பினீர்கள்.

அவரவருக்கு ஒரு யோசனை. ராஜபாளையம்தான் நாய் என்றார் ஒருவர், அல்சேஷனை விட்டால் வேறு கிடையாது என்றார் இன்னொருவர். முதலில் கடலூர் செம்மண்டலத்தில் ஒரு வீட்டில் அல்சேஷன் பார்த்தோம். கன்றுக்குட்டி உயரம். அது குரைத்த குரைப்பில் எங்கள் வீட்டுக்காரர் அங்கேயே விலை பேச ஆரம்பித்துவிட்டார். நீங்கள் சங்கிலியை உங்கள் கையில் கொடுக்கச் சொன்னீர்கள். கொடுத்த கையோடு தெருவில் ஒரு ஆடு போனது. நாய் பாய்ந்த வேகத்தில் பிரேக் போட்ட வண்டி சாய்ந்து, நான் குறுக்கே விழுந்து பிடித்திருக்காவிட்டால் நீங்கள் சாக்கடையில்தான் கிடந்திருப்பீர்கள். நீங்களோ முந்தானையைச் சரி செய்துகொண்டு, "இது என்னைக் காப்பாத்தாது, என்னை இழுத்துக்கிட்டு ஊர் சுத்தும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினீர்கள்.

அடுத்தது திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டாபர்மேன். பளபளவென்று அழகு. நீங்கள் வண்டியை அதன் பக்கத்தில் முன்னும் பின்னும் உருட்டினீர்கள். சக்கரம் கிறீச்சிட்டதும் அது வாலைச் சுருட்டிக்கொண்டு சொந்தக்காரரின் காலுக்குள் நுழைந்துகொண்டது. அவர் பழகிவிடும் என்றார். "அதுக்கு என்னைப் புடிக்கலைன்னா பழகிடும். என் காலே அதுக்குப் புடிக்கல, என்னா பண்றது?" என்றீர்கள். சக்கரத்தைக் கால் என்று நீங்கள் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

மூன்றாவது, முதுநகரில். ஒரு கம்பெனியின் காவலுக்கு நாய்கள் பழக்கியவர், ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். சில மாதத்தில் வெளிநாட்டுக்கு மகனிடம் போகப் போகிறார், அதற்குள் தன் பெண் நாயை நல்ல இடத்தில் விட வேண்டும். ரோசிக்கு அப்போது ஒரு வயது இருக்கும். தாய் அல்சேஷன், தகப்பன் யாரென்று தெருவுக்குத்தான் தெரியும். ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடங்கி, பார்ப்பதற்கு லட்சணம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் உதட்டைப் பிதுக்கினார். சங்கிலியைப் பிடித்துப் பார்த்தீர்கள், இழுக்கவில்லை. வண்டியை உருட்டினீர்கள், நகர்ந்து வழிவிட்டது. அப்புறம் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"என்னைக் கீழ எறக்கி வுடு."

எனக்குப் புரியவில்லை. அந்தப் பெரியவர் பதறிப்போய் பாய் கொண்டுவரச் சொன்னார். நீங்கள் வேண்டாம் என்றீர்கள். "வாங்க வர்றவங்க எல்லாம் நின்னுக்கிட்டுப் பாப்பாங்க. நான் விழுந்து கெடந்தா இது என்னா பண்ணும்னு நான்தானே பாக்கணும்?" என்றீர்கள். நானும் அவரும் உங்களைத் தூக்கி அந்தப் புழுதியில் விட்டோம். நல்ல சுங்குடிப் புடவை கட்டியிருந்தீர்கள். ஆண்கள் பார்க்க, மண்ணில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டீர்கள். வெட்கத்தில் நான்தான் வேறு பக்கம் பார்த்தேன்.

ரோசி மெல்ல வந்தது. மேலே தாவவில்லை, ஓடவும் இல்லை. உங்கள் முகத்தை முகர்ந்தது. அப்புறம் உங்கள் முதுகுக்குப் பின்னால் போய், எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டது. கீழே கிடந்தபடியே நீங்கள் சிரித்தீர்கள் பாருங்கள், அண்ணன் போன பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவே இல்லை. "இதுதாம்மா" என்றீர்கள்.

அந்தப் பெரியவர் வாரா வாரம் சிதம்பரம் வந்து பழக்கினார். ஆனால் என்ன பழக்க வேண்டும் என்று சொன்னதெல்லாம் நீங்கள். கண்டவரையும் கடிக்கிற நாய் வந்தால் மாவு யார் வாங்குவது? அதனால் குரைக்கக்கூடாது, கடிக்கக்கூடாது, வருகிறவரை வாசலில் நிறுத்த வேண்டும். நீங்கள் "வரட்டும்" என்று சொன்னால் மட்டும் வழிவிட வேண்டும். வண்டியின் கைப்பிடியை யார் தொட்டாலும் அதே சட்டம்தான். நான் வரும்போதெல்லாம் என்னையும் வாசலில் நிறுத்தி, மாவு வாங்க வருகிறவர்களுக்கு என்னை "வரட்டும்" சொல்லச் சொல்வீர்கள். என் குரல் நடுங்கும். ரோசி என்னை ஏற இறங்கப் பார்க்கும். திரும்பச் சொல்லு, இன்னொரு தரம் சொல்லு என்று உயிரை வாங்குவீர்கள். எதற்கு இந்த வேலை என்று ஒரு நாள் எரிச்சலோடு கேட்டேன். உன் பயம் போக வேண்டாமா என்றீர்கள். நானும் நம்பினேன்.

பொங்கலுக்கு முன்னால் எங்கள் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா என்று நான் இப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. நாய் சோதனையில் தேறுகிறதா என்று தானே பார்க்கப் போவதாகச் சொல்லி, பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு கொல்லைச் சுவர் ஏறிக் குதித்தார். அந்த வயதில்! நேராக உள்ளே வந்து, பழக்க தோஷத்தில் உங்கள் வண்டியின் கைப்பிடியில் கை வைத்தார். கிரைண்டர் மேஜைக்கு அடியிலிருந்து ரோசி எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. பின்னாலேயே தள்ளிக்கொண்டு போய், துவைக்கிற கல்லோடு சேர்த்து நிறுத்திவிட்டது. ஒரு கீறல் இல்லை. பல்லை மட்டும் காட்டிக்கொண்டு முழங்காலுக்கு நேரே நின்றது. வாசல் வழியாக வந்த நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

நீங்கள் அவசரப்படவே இல்லை. வாசலில் இரண்டு பேர் பாத்திரத்தோடு நின்றார்கள். அவர்களுக்கு மாவு கொடுத்து, ஒருத்தியிடம் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா என்றுகூட விசாரித்தீர்கள். அப்புறம்தான் வண்டியைத் திருப்பினீர்கள். "வாசல் வழியா வந்திருந்தா காபி குடிச்சிருக்கலாமே தம்பி" என்றீர்கள். பிறகு ரோசியிடம் "வரட்டும்" என்றீர்கள். அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வீட்டை விற்கும் பேச்சு அன்றோடு முடிந்தது.

அதற்கப்புறம் ஆறு வருஷம் நீங்கள் அந்த வீட்டில் ராஜ்ஜியம் நடத்தினீர்கள், அண்ணி. நாயால் திருடன் வரவில்லை என்பது பெரிய விஷயம் இல்லை. உள்ளே வருகிற ஒவ்வொருவரும், கேஸ்காரர், சொந்தக்காரர், வார்டு கவுன்சிலர் உட்பட, வாசலில் நின்று உங்கள் முகத்தைப் பார்த்தார்கள். வண்டியைத் தள்ளுவதற்கு முன்னால் "தள்ளட்டுமா?" என்று கேட்கக் கற்றுக்கொண்டார்கள். பாவம் என்று உங்களைச் சொன்ன வாய்களெல்லாம் அடங்கிப்போயின. நான் ஊரில் பத்துப் பேரிடம் உங்களைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்வேன்.

போன ஆவணியில் ஒரு கல்யாணத்துக்காக முதல் நாளே வந்து உங்கள் வீட்டில் தங்கியிருந்தேன். காலையில் கீழ வீதிக்குப் போய்ப் பூ வாங்கிக்கொண்டு திரும்பினால், வாசலில் கூட்டம். எல்லார் கையிலும் பாத்திரம். "அக்கா உள்ள விழுந்து கெடக்காங்க, நாங்க வரட்டும்னு சொல்லியும் ரோசி யாரையும் வுட மாட்டேங்குது" என்று பக்கத்து வீட்டுப் பெண் அழுதாள். தினம் தினம் உள்ளே வந்து போகிற அதே ஜனம்தான். உங்கள் குரலில் அந்தச் சொல் கிடைக்கவில்லை, அதனால் ரோசி நிலைப்படியில் குறுக்கே நின்றது. அதற்குப் பின்னால் தரையில் நீங்கள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. உங்கள் உதடு எதையோ சொல்லப் பார்த்து முடியாமல் துடித்தது. கிரைண்டர் மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நான் வாயைத் திறந்தேன். முதல் தடவை காற்றுதான் வந்தது. ரோசி அசையவில்லை. அப்போது உங்கள் கண் என் மேல் வந்து நின்றது. இன்னொரு தரம் சொல்லு என்று நீங்கள் உயிரை வாங்குவீர்களே, அதே பார்வை. நான் சொன்னேன்.

"வரட்டும்."

ரோசி உங்களைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, நகர்ந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் ஓடிப்போய் உங்களைத் தூக்கினார்கள். ஆஸ்பத்திரியில் நீங்கள் பேசவே இல்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனீர்கள். தரையில் தனியாகக் கிடந்து போகவில்லை. அந்த மட்டில் எனக்கு ஆறுதல்.

என்னைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தது என் பயம் போவதற்காக அல்ல, இல்லையா அண்ணி? முதுநகர் புழுதியில் படுத்துக்கிடந்தபோதே இந்த நாளை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். உங்களுக்குக் குரல் இல்லாமல் போனால் எந்தக் குரல் வேண்டும் என்றும் அப்போதே பார்த்து வைத்துவிட்டீர்கள். நாயைத் தேர்ந்தெடுத்த மாதிரியே என்னையும் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அதை என்னிடம் சொல்லாமலே செய்தீர்களே, அதுதான் நீங்கள்.

ரோசி இப்போது எங்களோடு கடலூரில் இருக்கிறது. முகவாயில் நரை வந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டுக்கு யார் வரலாம், யார் தங்கலாம் என்று என்னை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது கேட் சத்தம் கேட்டால் ரோசி நிலைப்படியில் போய் நின்றுகொண்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறது. எங்கள் வீட்டுக்காரர் சுவர் ஏறிய கதையை அது மறக்கவே இல்லை. தினமும் பழகுகிறவர்தான், சோறு வைக்கிறவரும் அவர்தான், இருந்தாலும் அவருக்கும் அதே சட்டம்.

நேற்று பஞ்சர் ஒட்டிக்கொண்டு வந்து உங்கள் நினைவாகவே உட்கார்ந்திருந்தேன். அவர் காய்கறிப் பையோடு வந்து, சொந்த வீட்டு வாசலில், வெயிலில் நின்றார். ரோசி என்னைப் பார்த்தது. அவரும் என்னைப் பார்த்தார். நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு, நடுங்காமல் சொன்னேன், வரட்டும் என்று.