கழுவாத பாத்திரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலியும் அப்பாவின் இருமலும் குறைந்ததா?

கொலை நடந்த வீட்டைப் படம்பிடித்து, மெய்நிகர்க் கண்ணாடி மாட்டியதும் போலீஸ் அலுவலகத்திலேயே அந்த வீடு கண்முன் நிற்கும்படி செய்வதுதானே என் வேலை? இன்று அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் புகுந்த அதிகாரி, இறந்தவளின் கழுவாத பாத்திரங்களைப் பார்த்துவிட்டு, “பொம்பளை இருந்த வீடா இது?” என்றார், வாய் கூசாமல். எல்லோரும் சிரித்தார்கள். துப்புத் துலக்க வந்தவர்களுக்குப் பாத்திரம் துலக்காததுதான் குற்றமாம்!

“செத்தவ எழுந்து வந்து கழுவணுமா? கொன்னவனைத் தேடுங்க சார்!” என்று கத்திவிட்டேன். பயப்படாதே, வேலை போகாது.

அவளும் தனியாக இருந்தவள்தான்.

அப்பாவின் பழைய செருப்பு ஒரு ஜோடி அனுப்பு. வாசலில் கிடந்தால் உள்ளே ஆம்பளை இருப்பதாக நினைப்பார்கள். சும்மாதான் கேட்கிறேன்.

பாத்திரம் கழுவ வேண்டும், முடிக்கிறேன்.

உன் மகள்