போகியில் எரிந்த ஷிஃப்ட் ரெஜிஸ்டர்கள்

என் பிடிவாதக்கார அப்பாவுக்கு,

நீங்கள் போய்ப் பத்து மாதமாகிறது. சொல்வதற்கு நல்ல சேதி ஒன்றும் இல்லை. இருப்பதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் திண்டாடுகிறேன்.

உங்கள் ஷிஃப்ட் ரெஜிஸ்டர்களை எரித்துவிட்டேன் அப்பா. துக்க வருஷம் என்பதால் பொங்கல் வைக்கவில்லை. போகிக்கு வீட்டை மட்டும் சுத்தம் செய்தேன். கட்டிலுக்கடியில் ஐந்து கிடந்தன. ஒன்றைத் திறந்தேன். ஆங்கிலத்தில் டோக்கன் நம்பர், லெவல், இறங்கிய நேரம். தங்கச் சுரங்கம் மூடியபோது குப்பையிலிருந்து நீங்கள் பொறுக்கி வந்த பழைய காகிதம்தானே என்று, தெருவில் மூட்டியிருந்த நெருப்பில் போட்டேன். கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி எழுதியிருப்பீர்கள் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? நீங்கள் கவிதை எழுதுவது தெரியும். எதில் எழுதுகிறீர்கள் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

தாள் புரண்டபோதுதான் உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். குச்சியால் இழுத்தேன். சாம்பல்தான் வந்தது.

சுரங்கத்தில் செத்தவர்களின் குடும்பங்களைத் தேடி, தொழிலாளர் குடியிருப்பில் லைன் லைனாக நடந்தீர்கள். பேர், ஊர், அன்று டிபன் கேரியரில் என்ன கொண்டுபோனார் என்பதுவரை கேட்டு, ஆளுக்கொரு கவிதை எழுதினீர்கள். "யாருப்பா இதப் படிக்கப் போறாங்க?" என்று சிரித்தவள் நான். உங்களுக்குக் கோபம்கூட வரவில்லை.

நேற்று ராஜம்மா அக்கா வந்தார். நந்திதுர்க் ஷாஃப்டில் பாறை சரிந்து கணவரைப் பறிகொடுத்தவர். வருஷாவருஷம் திதியன்று அவர் வீட்டுக்குப் போய் அந்தக் கவிதையைப் படிப்பீர்களாமே. என்னிடம் நீங்கள் சொன்னதே இல்லை.

"அப்பா இல்லன்னா இன்னாம்மா, ஞாயித்துக்கெழம எங்க வூட்டுக்காரரு திதி, நீ வந்து படி. அவரு போட்டோகூட எங்கிட்ட கெடையாது. அது ஒண்ணுதான் கீது" என்றார்.

"வர்றேன்க்கா" என்றேன். வேறென்ன சொல்ல? அவர் போனபின் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது என்ன ஆகப்போகிறது?

ஞாயிறன்று போவேன் அப்பா, வெறுங்கையோடு. எரித்தது நான்தான் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். இது சத்தியம். மற்றவர்கள் வீடு எது என்று எனக்குத் தெரியாது. யார் வாசலில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதும் அந்த நோட்டுகளில்தான் இருந்தது.

உங்கள் மகள்,
செல்வி