தறி ஓடாத நாளில் வைத்த மீட்டர்

என் அன்புப் பங்காளி வெங்கட்டுக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. பழக்கதோஷத்தில் ‘நலமா’ என்று எழுதப் போனேன், என்னையே திட்டிக்கொண்டு நிறுத்தினேன். இங்கே நான் நலமில்லை. அமாவாசைக்கு விசைத்தறிகள் எல்லாம் லீவு. காலையில் குளித்துச் சட்டையை மாட்டிய பிறகுதான், லீவுக்கெல்லாம் நான் வந்து உட்காரும் உன் வீட்டில் இனி நீ இல்லை என்பது உறைக்கிறது. திருச்சுழிப் பக்கம் என் சொந்த ஊருக்குப் போகலாம்தான். அங்கே யார் இருக்கிறார்கள் எனக்கு?

எழுபத்தெட்டில் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு நீ அந்தப் பெட்டியோடு அருப்புக்கோட்டையில் வந்து இறங்கியதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. டைப் மிஷின் தலையில் டி.வி.யைத் தூக்கி வைத்திருக்கிறான் என்றார்கள். கம்ப்யூட்டர் என்ற சொல்லை நான் முதலில் கேட்டதே உன் வாயில்தான். உதிரி உதிரியாக வாங்கி, உன் கையாலேயே ஈயம் பற்றவைத்துச் சேர்த்த பெட்டி அது. சேலைப் பாவுக்கு எந்த நிறத்தில் எத்தனை இழை வேண்டும் என்று நொடியில் போட்டுக் கொடுக்கும், நெசவாளிகள் நம்மைத் தேடி வருவார்கள் என்றாய். உன் மாமனார் மட்டும், “மொதல்ல அது முழிக்கட்டும் மாப்ள” என்றார்.

சிங்கப்பூரில் ஒழுங்காக ஓடிய பெட்டி இங்கே விழிக்கவே இல்லை. சுவிட்சைப் போட்டால் உள்ளே காற்றாடி சுற்றும். பிளாப்பித் தட்டு இரண்டு தரம் முனகும். திரையில் இங்கிலீஷில் ஒரு வரி வந்து நின்றுவிடும்.

“பெட்டிக்குத் தானா ஒண்ணும் தெரியாதுலே. இந்தத் தட்டுல இருக்கிறதைப் படிச்சாத்தான், தான் யாருன்னே அதுக்கு வெளங்கும். படிக்க மாட்டேங்குது” என்றாய். தட்டை மாற்றினாய். படிக்கும் முனையை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாய். சில்லுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மறுபடி அழுத்தினாய். எதற்கும் அது மசியவில்லை.

ஒருநாள் என்னிடம் கேட்டாய்: “ஏலே இருளப்பா, கரண்டு சரியா வருதா? பல்பு மங்குற மாதிரி இருக்கு.”

நம் ஊரில் பல்பு எந்தக் காலத்தில் பளிச்சென்று எரிந்தது? ஆனாலும் நான் தறி ஷெட்டு வயர்மேன் இல்லையா, அடுத்த லீவுக்கு மீட்டரோடு வந்தேன். பிளக்கில் வைத்தேன். முள் இருநூற்று முப்பது வோல்ட்டில் அசையாமல் நின்றது. அடுத்த இரண்டு லீவுக்கும் அப்படியே.

“வயர்மேன் நானா நீயா? லைனு தங்கமா இருக்கு. உன் ஈயத்தப் பாருலே” என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

நீயும் ஈயத்தைப் பார்த்தாய். நான் வருகிற நாளெல்லாம் பெட்டி மேஜையில் பிரிந்து கிடக்கும். நான் கம்பியைப் பிடித்துக்கொள்ள, நீ பற்று பற்றாக உருக்கி மறுபடி வைப்பாய். மறுநாள் நீ தனியாக உட்கார்ந்து அதைப் பூட்டி, சுவிட்சைப் போட்டுப் பார்ப்பாய். ஓடாது. கடைசியில் ஒருநாள் அதை மூடி மூலையில் வைத்துவிட்டு, ஈயக்கோலையும் குறடுகளையும் என்னிடம் கொடுத்தாய்.

“என் கை போச்சுலே. அங்கயும் இப்படித்தான் ஒப்பேத்திருப்பேன் போல.”

அப்போது நான் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லியிருக்கலாம். வா, டீ குடிக்கலாம் என்று கூப்பிட்டேன். அடுத்த மாதம் காமாலை உன்னைக் கொண்டு போய்விட்டது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு உன் வீட்டுக்காரி கமலா சொல்லி அனுப்பினாள். அன்றைக்கு அமாவாசை. “அண்ணே, இந்தப் பெட்டியப் பழைய சாமான் கடைக்குப் போடச் சொல்றாக. அதுக்கு முன்ன ஒரு தடவ போட்டுப் பாத்துருங்க. அவுக பூட்டி வச்சது” என்றாள். நம்பிக்கையே இல்லாமல்தான் சுவிட்சைப் போட்டேன்.

தட்டு முனகவில்லை பங்காளி, சீராக ஓடியது. திரையில் இங்கிலீஷ் ‘ஏ’ எழுத்து, பக்கத்தில் ஓர் அம்புக்குறி. அடுத்து என்ன வேண்டும் என்று கேட்கிற மாதிரி நின்றது. கமலா தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும்தான்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் உன் மாமனாருக்குக் காட்ட ஓடி வந்தேன். ஓடவில்லை, பழையபடி முனகல். வெளியே தெரு முழுக்கத் தறிகள் இரைந்துகொண்டிருந்தன. தலைக்கு மேல் பல்பு பழுத்துப் போயிருந்தது. மீட்டரை எடுத்து வந்து வைத்தேன். நூற்று அறுபது.

அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. நான் மீட்டர் வைத்ததெல்லாம் என் லீவு நாளில். என் லீவு என்றால் தெருவில் ஒரு தறியும் ஓடாது. கரண்டு முழுசாக இருந்த நாளில் உன் பெட்டி பிரிந்து கிடந்தது. நீ அதைப் பூட்டிப் போட்ட நாளிலெல்லாம் தறிகள் கரண்டை இழுத்துக்கொண்டிருந்தன. தறி ஷெட்டிலேயே பிழைப்பவனுக்கு இது தெரியாமல் போனதை எங்கே போய்ச் சொல்வது?

அதைவிடக் கேவலம் ஒன்று நடந்தது. அடுத்த அமாவாசைக்கு ஓட்டிக் காட்டுகிறேன் என்று மட்டும் நான் சொல்லிவைக்க, அன்றைக்குத் தெருவையே கூப்பிட்டுவிட்டார் உன் மாமனார். பெட்டி ஓடியது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நம்ம மாப்ள மாசக்கணக்கா நோண்டியும் வரல, இவரு தொட்டதும் வந்துருச்சு. கைராசிக்காரரு” என்றார். கூட்டம் ஆமாம் என்றது. நானும் கும்பிட்டு அதை வாங்கிக்கொண்டேன்.

எல்லோரும் போன பிறகு கமலா காபி கொண்டுவந்து தந்தாள். “அப்ப அவுக கையில என்னண்ணே குறை?” என்று மெதுவாகக் கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டு காபியைக் குடித்தேன். குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பொய் சொல்லிக் கிளம்பினேன். உனக்குச் செய்த முதல் தப்பு தெரியாமல் செய்தது. இது தெரிந்தே செய்தது.

நாளைக்கு அரை நாள் லீவு கேட்டிருக்கிறேன், தறி ஓடுகிற நாளில். உன் மாமனாரையும் கமலாவையும் பெட்டி முன்னால் உட்காரவைத்து, மீட்டர் முள்ளை அவர்கள் கண்ணாலேயே பார்க்க வைப்பேன். உன் பற்றுகளில் ஒன்றுகூட விடவில்லை, உன் கையை நீயே நம்பவிடாமல் செய்தவன் நான்தான் என்று சொல்வேன். பிறகு இந்தக் கடிதத்தைத் தெருமுனைப் படிப்பகத்துப் பலகையில் ஒட்டுவேன். கைராசி என்று சொன்னவர்கள் அத்தனை பேரும் படிக்கட்டும். அதோடு உன் வீட்டு வாசல் எனக்கு அடைபட்டுப் போகலாம். போனாலும் போகட்டும், கமலாவுக்குப் பதில் சொல்லாமல் நாளைக்கு அந்த வீட்டைவிட்டு இறங்கமாட்டேன். இது சத்தியம்.

நீ நம்பிய வயர்மேன்,
உன் பங்காளி இருளப்பன்