வாலுள்ள வார்த்தைகள்

மச்சான்,

ஆற்றில் வெள்ளம் வந்து வண்ணார்பேட்டைக் கடைகளுக்குள் தண்ணீர் நின்றதே, என் மூத்தவள் பிறந்தாளே, உம் வீட்டில் தறியை விற்றார்களே, அந்த வருஷம்தான் நாம் இரண்டு பேரும் துபாய்க்குப் போனோம். இன்று காலை எங்கள் தெருவில் புது மாடி வீட்டைச் சுற்றிக் கட்டியிருந்த சாரத்தைப் பிரித்தார்கள். இரும்புக் குழாய்கள் ஒன்றோடொன்று இடித்த சத்தத்தில் உம் ஞாபகம் வந்துவிட்டது. எனக்குத்தான் எழுத்து தெரியாதே. நான் சொல்லச் சொல்ல மூத்தவள் எழுதுகிறாள்.

அங்கே நமக்குச் சாரம் கட்டிப் பிரிக்கிற வேலை. மேஸ்திரி எகிப்துக்காரர், உத்தரவெல்லாம் இங்கிலீஷில். நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை சோதிப்பேன், அப்போதும் புரியவில்லையென்றால் ஊருக்கு ஏற்றிவிடுவேன் என்று உம்மிடம் சொல்லி அனுப்பினார். ஊருக்குப் போய் வயலில் இறங்கலாம் என்றால், அந்த வயலை விற்றுத்தான் விமானம் ஏறியிருந்தேன்.

நீர் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினீர். குழம்பிலிருந்து கறிவேப்பிலையை எடுத்துப் போட்டால் டேக் அவுட். தலைத் தொப்பியைக் கழற்றினால் டேக் ஆஃப். பரணிலிருந்து பெட்டியை இறக்கினால் டேக் டவுன். தட்டையே தூக்கிக்கொண்டு போனால் டேக் அவே. இருந்த இடத்தில் இல்லாமல் ஆக்கினால் ரிமூவ்.

"இதென்ன வே, நாம பூவைப் பறிக்கோம், நாத்தப் பிடுங்குதோம், தேங்காய உரிக்கோம். இவனுக்கு எல்லாத்துக்கும் ஒரே வார்த்தையா?"

"தலை ஒண்ணுதான் மச்சான். வாலத்தான் மாத்தி மாத்தி ஒட்டுதான். நீரு தலையப் பிடிச்சிட்டுத் தொங்காதேயும், வாலப் பாரும்."

"அப்ப இது வார்த்தை இல்ல வே, குரங்கு."

புரையேறும்படி சிரித்தீர்.

சனிக்கிழமை மேஸ்திரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கீழே நின்றார். சைகை கிடையாது. அவர் சொல்லச் சொல்ல நான் கழற்றினேன், உருவினேன், இறக்கினேன். ஒன்றும் தப்பவில்லை. கடைசியாக, பலகையைத் தாங்கிய கிளாம்ப்பை ரிமூவ் என்றார். நன்றாகவே புரிந்தது. ஆனால் பலகையின் அந்தக் கோடியில் நீர் குனிந்து எதையோ அவிழ்த்துக்கொண்டிருந்தீர். கீழே நின்றவருக்கு நீர் தெரியவில்லை. கையை அடக்கினேன். மறுபடியும் கத்தினார். எனக்கு விளங்கவில்லை என்றுதான் நினைத்திருப்பார். விற்ற வயலும் பிள்ளை பெற்றவளும் கண்ணுக்குள் வந்தார்கள்.

"மச்சான், பைய இங்கன வாரும்."

நீர் அந்தப் பலகையை விட்டு நான் நின்ற பலகையில் கால் வைத்த பிறகே கிளாம்ப்பைக் கழற்றினேன். அப்போதுதான் மேஸ்திரி உம் தலையைப் பார்த்தார். ஏறி வந்து என் ஹெல்மெட்டில் ஒரு தட்டு தட்டினார். அதற்குப் பிறகு ஊருக்கு அனுப்புகிற பேச்சே இல்லை.

"வார்த்தை புரிஞ்ச பிறகும் கைய அடக்குனீரே, அதுலதான் வே நீரு பாஸ்" என்றீர்.

போன மாசம் மேலப்பாளையத்தில் உம்மைத் தூக்கிக்கொண்டு போனபோது நானும் தோள் கொடுத்தேன். ஆள் மாற்றி ஆள் வாங்கிக்கொண்டே நடந்தார்கள். "விடுங்க மாமா, நான் பிடிச்சிக்கிடுதேன்" என்றான் உம் மருமகன். பாரம் முழுதும் அவன் தோளில் இறங்கிவிட்டது தெரிந்த பிறகே என் தோளை எடுத்தேன்.

நன்றாகத்தான் இருக்கிறேன் மச்சான். இப்போதும் கறிவேப்பிலையை எடுத்து ஓரமாக வைக்கும்போது அந்த வார்த்தையை வாலோடு சொல்லிவிட்டுத்தான் வைக்கிறேன். மகள் சிரிக்கிறாள். மேஸ்திரி காலமான சேதியை நீர்தான் சொன்னீர். இப்போது நீரும் போய்விட்டீர். அன்றைக்கு அந்தச் சாரத்தில் ஏறியவர்களில் இனி மிச்சம் ஒருத்தன்தான்: தச்சநல்லூர் சுடலைமுத்து.